மேனேஜர் வேண்டாம் என்றார் ஆப்பரேட்டர்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை வந்த ப்ராஜெக்ட் மேனேஜர் முதல் கால் மணி நேரத்தில் எல்லோரிடமும் பேசிவிட்டார், வீட்டுக்காரரிடம் மட்டும் பேசவில்லை. வாசலில் நின்று வீட்டுக்காரரின் அண்ணனிடம் பேசினார். சமையலறைக்குள் போய் மனைவியிடம் பேசினார். கையில் அளவெடுக்கும் கருவி ஏதோ வைத்திருந்தார். சுவரைப் பார்த்து அழுத்தினால் அது 'கீச்' என்றது, உடனே அவர் ஒரு எண்ணை முணுமுணுத்தார். வீட்டுக்காரர் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் கீச்சுகளை எண்ணிக்கொண்டிருந்தார். மொத்தம் பதினொன்று. கூடத்தில் நாலு, அறைகளில் நாலு, சமையலறையில் மூன்று. பின்பக்கத்துக்கு மனுஷன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டுக்காரரை 'ஆப்பரேட்டர்' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். பெரிய ஆஸ்பத்திரியின் டெலிபோன் போர்டில் இருபத்தாறு வருஷ சர்வீஸ். பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. நானூற்றுச் சொச்சம் எக்ஸ்டென்ஷன் எண்கள் தலைக்குள் இருந்தன. எந்த டாக்டர் எத்தனை மணிக்கு எந்த வார்டில் இருப்பார், எந்த டாக்டர் "வந்துக்கிட்டே இருக்கேன்" என்று சொன்னால் இன்னும் செருப்பே மாட்டவில்லை என்று அர்த்தம், எல்லாம் அவருக்கு அத்துப்படி. அவசரக் கேஸ் வந்தால் பத்து நிமிஷத்துக்குள் ஆறு பேரை ஆறு மூலையிலிருந்து ஒரே அறைக்குள் கொண்டுவந்து நிறுத்துவார். ஒருத்தர் முகமும் தெரியாது. குரல் தெரியும், அது போதும்.

வீட்டை மாற்றிக் கட்டும் வேலைக்குக் காரணம் பின்பக்கக் குளியலறை. அதற்குப் போக இரண்டு படி இறங்க வேண்டும். மழை நாளொன்றில் அவர் மனைவி அந்தப் படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். நர்சரிப் பள்ளி டீச்சர். ஆறு வாரம் இடது கையால் கரும்பலகையில் எழுதினார். கட்டுப் பிரித்த அன்றே ஆப்பரேட்டர் முடிவெடுத்துவிட்டார். சாமான் அறையை உள்குளியலறை ஆக்குவது, சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவிலுள்ள சுவரை இடிப்பது, வீடு முழுக்கப் படியே இல்லாமல் ஒரே மட்டத்தில் தரை போடுவது.

ப்ராஜெக்ட் மேனேஜர் வைக்கலாம் என்றது அண்ணன். அண்ணன் பாங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். தம்பியின் வாழ்க்கைக்கும் அவரே மேனேஜர், அந்தப் பதவியிலிருந்து மட்டும் ஓய்வு பெறவில்லை. தம்பி எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்க வேண்டும், எந்த வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் சொன்னபடி நடந்தது. இந்த வீட்டு ஜன்னல் திரைகூட அவர் வாங்கியது. நல்ல மனிதர். அதுதான் சங்கடம். கெட்டவராக இருந்திருந்தால் எப்போதோ ஒரு சண்டை போட்டு முடித்திருக்கலாம்.

"டேய், இது லேசுப்பட்ட வேலை இல்ல. கொத்தனார், ப்ளம்பர், எலக்ட்ரீஷியன்னு பத்து பேரை மேய்க்கணும். ஏமாத்திடுவாங்க. உனக்குக் கண்ணு..." என்று போனில் ஆரம்பித்தவர் அங்கேயே நிறுத்தினார். அந்த வாக்கியத்தை அந்தக் குடும்பத்தில் ஐம்பது வருஷமாக யாரும் முடித்ததில்லை. எல்லோரும் அந்த இடம் வரை வந்து ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்கள்.

ஆக, மேனேஜர் அளவெடுத்து முடித்துக் கூடத்துக்கு வந்தார். மடியில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு, வீடு முடிந்ததும் எப்படி இருக்கும் என்று அண்ணனுக்கும் மனைவிக்கும் படம் காட்டினார். பிறகு மனைவியிடம் கேட்டார், "சாருக்கு பாத்ரூம்ல ஏதாவது ஸ்பெஷலா வேணுமா மேடம்?"

மனைவி சொன்னார், "சார் உங்க முன்னாடிதான் உக்காந்திருக்கார். அவர்கிட்டயே கேளுங்க."

மேனேஜர் நாற்காலியைத் திருப்பினார். "சார்! உங்களுக்கு! ஏதாவது! ஸ்பெஷலா!"

"காது நல்லா கேக்கும்," என்றார் ஆப்பரேட்டர். "மெதுவாவே பேசுங்க. எனக்கும் சில கேள்வி இருக்கு. இப்ப எத்தனை வீடு கையில வச்சிருக்கீங்க?"

"பதினாலு ஓடுது சார்."

"இங்க வாரத்துக்கு எத்தனை தடவை வருவீங்க?"

"ஒரு விசிட் கண்டிப்பா உண்டு."

"மிச்ச ஆறு நாள்?"

"அதுக்கு ஆபீஸ்ல ஆள் இருக்கு சார். அவங்க வேலைக்காரங்களை போன்ல ஃபாலோ பண்ணிக்கிட்டே இருப்பாங்க. யார் வந்தாங்க, யார் வரல, அடுத்து யார் வரணும் எல்லாமே போன்லயே முடிஞ்சிடும்."

ஆப்பரேட்டர் சிரிக்க ஆரம்பித்தார். சத்தமில்லாமல் தோள் மட்டும் குலுங்கும் சிரிப்பு அது. மனைவிக்கு அந்தச் சிரிப்பு தெரியும். ஏதோ முடிவாகிவிட்டது என்று அர்த்தம்.

"போன்ல ஆளைப் புடிச்சு வர வைக்கறது," என்றார் அவர். "அதுக்குத்தான் எனக்கு இருபத்தாறு வருஷமா சம்பளம் குடுக்கறாங்க. அதையே இன்னொருத்தர் எனக்காகப் பண்ணணுமா? வேணாங்க. காபி சாப்பிட்டுட்டுப் போங்க."

மேனேஜர் காபி குடிக்காமல் போனார். அண்ணன் போகவில்லை.

"வீம்பு புடிக்காதேடா. கொத்தனார் கோணலா கட்டினா உனக்கு எப்படித் தெரியும்? மட்டமான டைல்ஸ் போட்டா எப்படித் தெரியும்?"

"அண்ணே, உன் வீட்டு மாடி ஒழுகுதே, அது கண்ணு தெரிஞ்சவங்க நின்னு பாத்துக் கட்டினதுதானே?"

அண்ணன் எழுந்துகொண்டார். "எக்கேடோ கெட்டுப் போ. நாளைக்கு என்கிட்ட வந்து நிக்காதே." கதவு சாத்திய வேகத்தில் நிலையிலிருந்து காரை உதிர்ந்து தரையில் விழுவது கேட்டது. எப்படியும் மறுபடி பூசப் போகிற சுவர்தான்.

அன்று மத்தியானம் மனைவியும் லேசில் விடவில்லை. "நீங்க கேட்ட கேள்வியெல்லாம் சரிதான். ஆனா நான் பள்ளிக்கூடம் போயிடுவேன், நீங்க ஆஸ்பத்திரி போயிடுவீங்க. வீட்டைத் திறந்து விடறது யாரு? எனக்கு பயமா இருக்குங்க."

"உனக்குமா? நீயும் அந்தப் பாதி வாக்கியத்தைத்தான் சொல்ல வர்றியா?"

"இல்ல," என்றார் மனைவி. "உங்க கண்ணைப் பத்தி எனக்கு பயமில்ல. உங்க வீம்பைப் பத்திதான் பயம். தப்பு பண்ணிட்டா ஒத்துக்க மாட்டீங்க. அரை மணி நேரம் வாதாடுவீங்க. அதுக்குள்ள சிமெண்ட் காய்ஞ்சிடும்."

உண்மைக்கு எதிராக வாதாடி ஆப்பரேட்டருக்குப் பழக்கம் உண்டு, ஆனால் அன்று செய்யவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரியில், அதுவரை தொடாமல் சேர்ந்திருந்த விடுப்பிலிருந்து ஏழு வாரத்துக்கு எழுதிக் கொடுத்தார். இருபத்தாறு வருஷத்தில் அவர் தொடர்ந்து மூன்று நாளுக்கு மேல் லீவு எடுத்ததே இல்லை. "உடம்புக்கு என்ன?" என்று பதறிப்போய்க் கேட்டார்கள். "உடம்புக்கு ஒண்ணுமில்ல. வீட்டை இடிக்கப் போறேன்," என்றார்.

வேலை தொடங்கியது. ஆப்பரேட்டர் வாசலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒரு தொடையில் போன், இன்னொரு தொடையில் பிரெயில் பலகை. எந்த வேலைக்குப் பின் எந்த வேலை, யார் முடித்தால்தான் யார் தொடங்கலாம் என்பதெல்லாம் தடித்த அட்டையில் புள்ளி புள்ளியாகக் குத்தி வைத்திருந்தார். கொத்தனார்களின் தலைவரான மேஸ்திரி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல ஒண்ணுமே எழுதலையே சார்," என்றார்.

"லைட்டை அணைச்சுட்டுப் படிச்சுப் பாருங்க, தெரியும்," என்றார் ஆப்பரேட்டர்.

முதலில் சிக்கியவர் ப்ளம்பர். வேலையில் கெட்டிக்காரர், ஆனால் நேரம் என்று ஒன்று இருப்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. எட்டு மணிக்கு வர வேண்டியவர் பத்து மணி வரை வரவில்லை. ஆப்பரேட்டர் போன் போட்டார்.

"சார், பஸ்ல வந்துக்கிட்டிருக்கேன் சார். அஞ்சே நிமிஷம்."

"சரி. அந்த பஸ்ல யாரு மிக்ஸி போடறாங்க?"

அந்தப் பக்கம் மிக்ஸி நின்றது.

"குழந்தை அழுவுது பாருங்க, முதல்ல அதைத் தூக்குங்க. அப்புறம் குளிச்சுட்டுக் கிளம்புங்க. ஒரு மணி நேரம் ஆகும். பதினொன்றேகாலுக்கு நான் மறுபடி கூப்பிடுவேன். அப்ப உங்க பின்னாடி எனக்கு என் வீட்டு வாசல் நாய் குரைக்கறது கேக்கணும்."

ப்ளம்பர் பதினொன்று பத்துக்கு வந்து நின்றார். அதற்குப் பிறகு அவர் தாமதமாக வந்த நாட்கள் உண்டு. ஆனால் பொய் சொன்ன நாள் கிடையாது. "சார், இன்னும் எழுந்திரிக்கவே இல்ல சார்," என்று சொல்லிவிடுவார். அது தெரிந்தால் போதும், ஆப்பரேட்டர் அன்றைய வேலையை அதற்குத் தக்கபடி மாற்றிப் போட்டுவிடுவார்.

மேஸ்திரியை வழிக்குக் கொண்டுவருவது அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை. முப்பது வருஷமாக வீடு கட்டுபவர். வீட்டுக்காரர் ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்ப்பதும், தரையில் வெறுங்காலோடு நடப்பதும் அவருக்கு ரசிக்கவில்லை. ஆட்களும் ஆப்பரேட்டர் அறைக்குள் நுழைந்தால் சட்டென்று பேச்சை நிறுத்திக் கையால் ஜாடை பேச ஆரம்பித்தார்கள். பேச்சு பாதியில் அறுவது எப்படி இருக்கும் என்று ஆப்பரேட்டருக்கா தெரியாது? பிறந்த வீட்டிலேயே கேட்டு வளர்ந்தவர். ஒரு நாள் அவர் வருவது தெரிந்தும் வழியில் சிமெண்ட் சட்டியை யாரோ விட்டுப் போக, கால் தட்டி முட்டி சிராய்த்தது. எழுந்து, சட்டியை எடுத்து, வாசலுக்குப் போய்த் தெருவில் வைத்துவிட்டு வந்தார்.

"நாளைலருந்து வழியில என்ன கெடந்தாலும் அது தெருவுக்குப் போயிடும். கரண்டி, மட்டக்கோல், உங்க சாப்பாட்டு டப்பா எதுவா இருந்தாலும் சரி," என்றார். குரலை உயர்த்தவில்லை. மறுநாளிலிருந்து அந்த வீட்டுத் தரை அவ்வளவு சுத்தமாக இருந்தது.

நாலாவது வாரம் புதுக் குளியலறையின் தரை முடிந்தது. மேஸ்திரி பெருமையோடு கூப்பிட்டார். ஆப்பரேட்டர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினார். பெரும்பகுதி வடிகுழியைத் தேடிப் போனது. கொஞ்சம் போகவில்லை. கதவோரம் அவர் கால் கட்டை விரலைச் சுற்றி நின்றுகொண்டது.

"வாட்டம் சரியில்ல மேஸ்திரி. இந்த மூலைக்குத் தண்ணி ஏறி வருது."

"ரசமட்டம் வச்சுப் பாத்தேன் சார். கச்சிதமா இருக்கு."

"நீங்க பாத்தீங்க. நான் நிக்கறேன். வாங்க, நீங்களும் வந்து நில்லுங்க."

மேஸ்திரி வந்து நின்றார். அவர் விரலைச் சுற்றியும் தண்ணீர் நின்றது. ஒரு முழு நாள் எடுத்து அந்த மூலையைப் பெயர்த்து மறுபடி போட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு வேலை முடிந்ததும், "சார், வந்து நின்னு பாருங்க," என்று அவரே கூப்பிட ஆரம்பித்தார்.

கதை இப்படியே போயிருந்தால் ஆப்பரேட்டருக்குத் தலைக்கனம் ஏறியிருக்கும். கொஞ்சம் ஏறியும் விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து யாராவது போன் பண்ணி விசாரித்தால், "அதுக்கெல்லாம் எதுக்கு மேனேஜர்?" என்று இரண்டு முறை கூடுதலாகவே சொன்னார்.

ஆறாவது வாரம் குளியலறைச் சுவரில் கூரை வரை டைல்ஸ் ஒட்டி முடிந்தது. அன்று பள்ளியில் கூட்டம் என்று மனைவி வர ஆறரை மணி ஆகிவிட்டது. நேரே புதுக் குளியலறைக்குப் போனார். கதவுப் பக்கச் சுவரைக் கை தடவுகிற சத்தம் கேட்டது. இந்தப் பக்கம் தடவினார். அந்தப் பக்கம் தடவினார்.

"ஏங்க, இதுக்கு சுவிட்ச் எங்க?"

"எந்த சுவிட்ச்?"

"லைட் சுவிட்ச். லைட் எங்கங்க?"

ஆப்பரேட்டர் நாற்காலியிலிருந்து எழுந்தார். எழுந்தவர் அப்படியே நின்றார். அட்டையில் தண்ணீர்க் குழாய் இருந்தது, கழிவுக் குழாய் இருந்தது, காற்று வெளியேற்றும் விசிறிக்குக்கூடத் துளை இருந்தது. லைட் இல்லை. சாமான் அறையில் முன்பும் லைட் இருந்ததில்லை, கதவைத் திறந்து வைத்து எடுப்பார்கள். ஐம்பத்து மூன்று வருஷத்தில் தனக்காக அவர் ஒரு சுவிட்சைத் தட்டியதில்லை. அது அவர் தலைக்குள் வரவே இல்லை.

மறுநாள் சனிக்கிழமை, மனைவிக்கும் பள்ளி இல்லை. காலையில் ஆப்பரேட்டர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார். "ஏம்ப்பா, பாத்ரூமுக்கு லைட் பாயிண்ட் வைக்கலையே, உனக்குத் தோணலையா?"

எலக்ட்ரீஷியன் தலையைச் சொறிகிற சத்தம் கேட்டது. "தோணுச்சு சார்."

"அப்புறம்?"

"உங்களுக்குத் தேவைப்படாது போலன்னு நெனச்சுட்டேன் சார். கேட்டா நீங்க வருத்தப்படுவீங்களோன்னு..."

"அப்ப என் பொண்டாட்டி? இருட்டுல குளிப்பாளா?" என்று ஆப்பரேட்டர் போட்ட சத்தத்தில் ப்ளம்பர் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டார். "மேஸ்திரி, நீங்க?"

"நானும் அப்படித்தான் சார் நெனச்சேன்," என்றார் மேஸ்திரி. "சொல்லலாமான்னு யோசிச்சேன். சங்கடமா இருந்துச்சு."

மூன்று பேருக்கு ஆறு கண். ஆறும் பார்த்திருக்கின்றன. ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. தன் முட்டாள்தனத்தைவிட இந்தக் கரிசனம்தான் ஆப்பரேட்டருக்கு ஆத்திரமாக இருந்தது.

இதற்குள் அண்ணனுக்கு விஷயம் போய்விட்டது. சொன்னது யார் என்று ஆப்பரேட்டர் விசாரிக்கவில்லை. மனைவி அன்று ரொம்ப நேரம் சமையலறையைவிட்டு வெளியே வரவில்லை. மத்தியானம் அண்ணன் வந்தார். குளியலறையை எட்டிப் பார்த்தார். வழக்கமான பெருமூச்சு விட்டார்.

"நான் சொன்னேனா இல்லையா? இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. அந்த மேனேஜர் நம்பர் என்கிட்ட இருக்கு. மிச்ச வேலையை அவன் பாத்துக்கட்டும். உனக்குக் கண்ணு..."

"தெரியாது," என்றார் ஆப்பரேட்டர்.

அண்ணன் தம்பி பக்கம் திரும்பினார்.

"எனக்குக் கண்ணு தெரியாது. ஐம்பது வருஷமா யாரும் இதை முழுசா சொல்லல, நானே சொல்லிடறேன். கண்ணு தெரியாததாலதான் லைட்டை மறந்தேன். தப்பு என்னோடது. ஒத்துக்கறேன். பதினெட்டு டைல்ஸ் உடைக்கணும், சுவருல காடி வெட்டி ஒயர் இழுக்கணும், நாலு நாள் வேலை பின்னாடி போகும். அதையும் நானே பண்ணுவேன். உன் மாடி ஒழுகினப்ப நீ தப்பு பண்ணே. யாராவது வந்து உன் வீட்டை உன் கையிலருந்து வாங்கிட்டாங்களா?"

"உன் நல்லதுக்குத்தானேடா..."

"தெரியும்ண்ணே. எல்லாம் என் நல்லதுக்குத்தான். என் பள்ளிக்கூடமும் நல்லாத்தான் இருந்துச்சு, இந்தத் திரையும் நல்லாத்தான் இருக்குமா இருக்கும். ஆனா நானா ஒரு காரியத்தை ஆரம்பிச்சு, நானா அதைக் கெடுத்து, நானா அதைச் சரி பண்ணினது இதுவரைக்கும் ஒண்ணுகூட இல்ல. இதை விட மாட்டேன்."

சமையலறையிலிருந்து மனைவி வந்து நின்றார். "மாமா, தப்பு எனக்கும் உண்டு," என்றார். "ஆறு வாரமா தினமும் எட்டிப் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். எனக்கும் லைட் ஞாபகம் வரல. அவர் அரை மணி நேரம் வாதாடுவார்னு நெனச்சேன். ரெண்டே நிமிஷத்துல ஒத்துக்கிட்டார். அவரே முடிக்கட்டும்."

அண்ணன் செருப்பை மாட்டினார். இந்தத் தடவை கதவை அறையவில்லை. கோபமா, வெட்கமா என்று சொல்ல முடியாத ஒரு நடை வாசல் வரைக்கும் போனது.

ஆப்பரேட்டர் நாலு பேரையும் கூடத்தில் நிறுத்தினார். மேஸ்திரி, ப்ளம்பர், எலக்ட்ரீஷியன், மனைவி. "இனிமே என்கிட்ட யாரும் சங்கடப்படக் கூடாது. எனக்குத் தெரியாததுன்னு ஏதாவது கண்ணுல பட்டா அந்த நிமிஷமே சொல்லணும். சொன்னா கோபப்பட மாட்டேன். சொல்லலைன்னா படுவேன்," என்றார்.

அவர்கள் அதைக் கொஞ்சம் அதிகமாகவே எடுத்துக்கொண்டார்கள். அடுத்த ஒரு மணி நேரத்தில், சமையலறை நடுவில் லைட் வைத்தால் மேடை முன் நிற்பவர் நிழலே பாத்திரத்தில் விழும் என்றார் எலக்ட்ரீஷியன். வாங்கி வைத்திருந்த கதவுப் பெயிண்ட் சகிக்கவில்லை என்றார் மேஸ்திரி. ஜன்னல் திரை தனக்குப் பத்து வருஷமாகப் பிடிக்கவே இல்லை என்றார் மனைவி. அன்று சாயங்காலமே திரை இறங்கியது.

இப்படித் திருத்தம் கூடிக் கூடி, ஏழு வாரத்தில் முடிப்பதாகக் குத்தி வைத்த வேலை பத்து வாரம் ஆனது. கடைசி மூன்று வாரத்தை ஆப்பரேட்டர் ஆஸ்பத்திரி போர்டிலிருந்தபடியே, இரண்டு அழைப்புகளுக்கு நடுவில் கிடைத்த இடைவெளிகளில், போனிலேயே ஓட்டினார். வீட்டுச் சாவி மேஸ்திரியிடம் இருந்தது. சாவியை வாங்கும்போது மேஸ்திரி, "என்னை நம்பறீங்களா சார்?" என்று கேட்டார். "பாதி நம்பறேன். மீதிக்கு சாயங்காலம் வந்து நின்னு பாப்பேன்," என்று பதில் வந்தது.

எல்லாம் முடிந்து சாமான்களை உள்ளே வைத்த பிறகுதான் ஆப்பரேட்டருக்கு ஒரு விஷயம் உறைத்தது. பழைய வீட்டில் அவர் ஓடக்கூடச் செய்வார். இந்த வீடு கால்களுக்குத் தெரியாத வீடு. சுவர் இருந்த இடத்தில் வெற்றிடம், வெற்றிடம் இருந்த இடத்தில் கதவு. முதல் நாளே குளியலறை நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டார். சாயங்காலம் சமையல் மேடையின் முனையில் இடுப்பு. மனைவி ஓடிவந்து தேய்த்துவிட்டார். "எல்லா மூலையிலயும் கொஞ்ச நாளைக்கு ஸ்பாஞ்ச் ஒட்டி வைக்கட்டுமா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் ஒட்ட வேணாம். ரெண்டு நாள்ல பழகிடுவேன்."

ஆஸ்பத்திரி போர்டில் பக்கத்து நாற்காலியில் உட்காரும் பெண் அவர் நெற்றியைப் பார்த்து, "என்ன சார் இது, இவ்ளோ பெரிய வீக்கம்?" என்று பதறினார்.

"நான் கட்டின நிலை," என்றார் அவர், கூட்டாளி ஒருத்தனைப் பற்றிச் சொல்வது போல. "அசையவே மாட்டேங்குது."

இரண்டு நாளில் பழகவில்லை. ஒன்பது நாள் ஆனது. பத்தாவது நாள் காலை கூடத்திலிருந்து குளியலறை வரை, கையை எங்கேயும் நீட்டாமல், வேக வேகமாக நடந்து போனார்.